லவ் லேனில் கேட்ட உருமி

சூலியா ஸ்திரீட்டிலிருந்து லவ் லேனுக்குள் திரும்பினால், இரவு எட்டு மணிக்கு மேல் அது வேறு ஊர். முதுகுப்பை சுமந்த வெள்ளைக்காரப் பயணிகள், நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிவப்பு, மஞ்சள், பச்சையில் பாப் மார்லியின் முகம். நம் குடும்பங்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. அலுவலக நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனதால்தான் நானும் போனேன்.

ஒரு மணி நேரம் ரெக்கே ஓடியது. நடுவில் யாரோ பாட்டை மாற்றினார்கள். திடீரென்று ஒலிபெருக்கியில் உருமி! தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் கேட்போமே, அதே உறுமல். அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல். பக்கத்தில் இருந்த சீன நண்பர், "இது என்ன டிரம்? நல்லா இருக்கே" என்றார். எனக்குத் தெரியும். ஆனாலும், "ஏதோ ஆப்பிரிக்கா டிரம் போல" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் வீட்டில் உருமிக்கு நல்ல பெயர் கிடையாது. அண்ணனுக்குப் பதினைந்து வயதில் உருமி மேளக் குழுவில் சேர ஆசை. "சாவு மேளத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தெருவுல ஆடப் போறியா?" என்று அம்மா கேட்டார். சாதியை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது. அண்ணன் மறுநாளே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று கேட்ட பாட்டு 'பாய்ஸ்'. பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். 1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போன ஈழத் தமிழ்ப் பெண். 2007-ல் வந்த 'கலா' என்ற ஆல்பத்துக்குத் தன் அம்மாவின் பெயரையே வைத்தார். 'பாய்ஸ்' பாட்டுக்கான உருமி சென்னையில் பதிவானது. வீடியோவோ ஜமைக்காவில் எடுக்கப்பட்டது. அதே ஆல்பத்தின் 'பேர்ட் ஃப்ளூ'விலும் உருமிதான். அதில் 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் துண்டு ஒன்றும் கலந்திருக்கிறது.

உருமிக்கும் ஜமைக்காவுக்கும் என்ன சம்பந்தம்? தேடிப் போனால் கதை 1970-களின் லண்டனில் போய் நின்றது.

ரெக்கே ஜமைக்காவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை. அதில் பேஸ் கிட்டார்தான் முன்னால் நடக்கும். மற்ற கிட்டார் தாளத்தின் மேல் விழாமல் இடைவெளியில் வெட்டும். அவசரமே இல்லை. பங்க் இதற்கு நேர் எதிர். 1976 வாக்கில் லண்டன் இளைஞர்கள் மூன்று கார்டுகளைக் கற்றுக்கொண்டு, ஒரு பாட்டை இரண்டே நிமிடத்தில் கத்தி முடித்தார்கள். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். (எனக்கும் பாதிப் பாட்டுகள் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.)

இந்த இரண்டையும் சேர்த்தது அக்கம்பக்கத்துப் பழக்கம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் குடியேறிய ஜமைக்கர்களின் பிள்ளைகளும் ஏழை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஒரே தெருக்களில் வளர்ந்தார்கள். 'த கிளாஷ்' என்ற பங்க் குழுவின் பால் சைமனன் சிறுவயதில் பிரிக்ஸ்டனில் கேட்டது ரெக்கே. 1976 ஆகஸ்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் போலீசாருக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் மோதல் மூண்டபோது, அவரும் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் அங்கே இருந்தார்கள். அடுத்த ஆண்டு 'ராக்சி' என்ற பங்க் கிளப்பில் இசைத்தட்டு போட்டவர் ஜமைக்கப் பெற்றோரின் மகன் டான் லெட்ஸ். போடுவதற்குப் பங்க் இசைத்தட்டுகளே அப்போது அதிகம் இல்லை. வீட்டிலிருந்த ரெக்கேயைப் போட்டார். கூட்டம் பிடித்துக்கொண்டது.

அதே 1977-ல் கிளாஷ் தன் முதல் ஆல்பத்தில் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' என்ற ரெக்கே பாட்டைப் பாடியது. பதிலுக்கு பாப் மார்லி 'பங்கி ரெக்கே பார்ட்டி' பாடினார். மர்வினின் பாட்டைத் தயாரித்த லீ பெர்ரி, கிளாஷுக்கும் ஒரு பாட்டுத் தயாரித்துக் கொடுத்தார். 1978 ஏப்ரல் 30 அன்று இனவெறிக்கு எதிராக டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம் போய், அங்கே கிளாஷும் 'ஸ்டீல் பல்ஸ்' என்ற ரெக்கே குழுவும் ஒரே மேடையில் வாசித்தார்கள்.

யாரிடமிருந்து எடுத்தோம் என்று அவர்கள் மறைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். இரண்டு இசையையும் 'மரியாதையான' மனிதர்கள் முகம் சுளித்துப் பார்த்த காலம் அது. அப்படியும் இவர்கள் அடுத்தவரின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள்.

எம்.ஐ.ஏ.வும் அப்படியே. அவருடைய பெரிய வெற்றியான 'பேப்பர் பிளேன்ஸ்', கிளாஷ் 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசைத் துண்டின் மேல் கட்டப்பட்டது. கிளாஷ் பாடியது எந்த நாட்டிலும் இடமில்லாத குடியேறிகளைப் பற்றி. இவர் பாடியது விசாவுக்கு அலைகிறவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் உலகத்தைக் கிண்டல் செய்து. எழுதியவர்கள் பட்டியலில் கிளாஷின் நால்வர் பெயரும் இருக்கிறது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் வரும் பாட்டு இது. பலர் யார் பாடியது என்று தெரியாமலே கேட்டிருப்பீர்கள்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு அந்தச் சீன நண்பரை அழைத்துக்கொண்டு தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போனேன். அண்ணனும் வந்தார். தண்ணீர்ப் பந்தல்களில் சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. அதையும் மீறி ஒரு காவடியோடு உருமி மேளம் வந்தது. "அன்னிக்கு லவ் லேன்ல கேட்டீங்களே, அந்த டிரம் இதுதான். உருமி. எங்க ஊர் மேளம். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். ஒரு முகத்தில் அடித்துக்கொண்டே மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பதால்தான் அந்த உறுமல் வருகிறது என்று விளக்கினேன். அவர் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதுவும் பேசவில்லை. வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் அடிக்காமல், மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.