ஆசிரியரைக் காப்பது யார் கடன்?

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தினர். அவர்களுள் மூன்றாமவருக்கே இன்று பாதுகாப்புத் தேவைப்படுகிறது.

2012 பெப்ரவரி 9ஆம் திகதி, சென்னை ஆர்மேனியன் தெருவிலுள்ள பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். அவன் படிப்பில் பின்தங்கியதைப் பெற்றோருக்கு அறிவிக்க அவர் எழுதிய குறிப்பே கோபத்துக்குக் காரணம் எனச் செய்திகள் கூறின.

"பிரம்பு இருந்த காலத்தில் இப்படி நடந்ததா?" என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. பிரம்பு இனித் திரும்பாது; திரும்பவும் வேண்டாம். கனடா உச்ச நீதிமன்றம் 2004இல் அளித்த தீர்ப்பின்படி, ஆசிரியர் மாணவரை அடித்துத் தண்டிக்கக் கூடாது. ஆனால் குழப்பம் செய்யும் பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியேற்ற நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம்.

பிரம்பின் இடத்தில் ஒழுங்குவிதிகள் நிற்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் வன்முறைத் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டுமென 2012இல் கியூபெக் சட்டம் இயற்றியது. பள்ளி நேரம் முழுவதும் கைத்தொலைபேசிக்குத் தடை, 2026 ஜனவரி முதல் ஆசிரியரை 'வூ' என்றே விளிக்க வேண்டும் என்ற விதி ஆகியன 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டன. 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதன்று. ஆனால் வீட்டில் நாம் ஆசிரியரை 'அவன்', 'அவள்' என்று பேசினால், பிள்ளை எந்த மரியாதையைக் கற்கும்?

மருத்துவன் என்ற முறையில் இரண்டு சொல்வேன். அடியோ கடியோ பட்ட ஆசிரியர், "பிள்ளைதானே" என்று மறைக்கலாகாது. அது வேலையிடத்துக் காயம். மருத்துவரிடம் காட்டி, பள்ளியிலும் பதிய வேண்டும். பின்னர் வரும் நடுக்கமும் தூக்கமின்மையும் காயமே. அடுத்து, திரும்பத் திரும்பக் கைநீட்டும் பிள்ளையையும் பரிசோதிக்க வேண்டும். காது கேளாமை, தூக்கக் குறைவு, எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாமை, வீட்டில் விழும் அடி ஆகியவை கோபமாக வெளிவருவதுண்டு. காரணத்தை அறிவது குற்றத்தை மன்னிப்பதாகாது. அடுத்த அடியைத் தடுப்பதாகும்.

சென்ட் லோரன்ட் பெற்றோர்களே, பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள். ஆசிரியருடன் சண்டைக்கும் போகாதீர்கள். அந்த வாரத்திலேயே பிள்ளையுடன் போய் ஆசிரியர் முன் அமர்ந்து கேளுங்கள். பிரெஞ்சு தடுமாறினால் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் ஒரே பக்கம் நிற்பதைக் காணும் பிள்ளை, அந்தக் குறிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.