பழைய டீசல் இன்ஜின் வாங்குகிறீர்களா? வயதையும் அளவையும் நீங்களே கண்டறியலாம்

குளச்சல் போன்ற கடலோரப் பகுதிகளில் பழைய டீசல் இன்ஜின் வாங்கும் விவசாயிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. உப்புக் காற்றில் நேம் பிளேட் அரித்து எழுத்து மறைந்திருக்கும். அல்லது புது பெயிண்ட் அடித்து வேறு பிளேட் பொருத்தியிருப்பார்கள். விற்பவர் சொல்லும் எச்.பி.யை நம்பி வாங்கி, அது உங்கள் பம்புக்குப் பொருந்தாவிட்டால் இன்ஜின் திணறும், டீசல் வீணாகும், சரியான உதிரிபாகமும் கிடைக்காது. எனவே சிலிண்டரை அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அளவைக் கண்டறிவது எப்படி?

மெக்கானிக்கை அழைத்து ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது புது ஹெட் கேஸ்கெட் போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முன்பே பேசிக்கொள்வது நல்லது.

சிலிண்டரின் மேல் விளிம்பில் உள்ள கரியைச் சுரண்டிவிட்டு, உள்விட்டத்தை வெர்னியர் காலிபரால் அளக்கவும். இது போர். பிளைவீலைச் சுற்றி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து அதன் ஆழத்தை அளக்கவும். பிறகு அடிமட்டத்துக்கு இறக்கி மீண்டும் அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்ட்ரோக்.

போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.785 என்று சென்டிமீட்டரில் பெருக்கினால் ஒரு சிலிண்டரின் சிசி கிடைக்கும். கிர்லோஸ்கர் ஏவி1 இன்ஜினின் போர் 8 செ.மீ., ஸ்ட்ரோக் 11 செ.மீ. கணக்கிட்டால் சுமார் 553 சிசி. இது நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 எச்.பி. தரும்.

உருவத்தைப் பார்த்து எச்.பி. சொல்லக் கூடாது. பெரிய பிளைவீல் கொண்ட லிஸ்டர் 6/1 வகை இன்ஜின் சுமார் 1433 சிசி. ஆனால் நிமிடத்துக்கு 650 சுற்றே சுற்றுவதால் அதன் திறன் 6 எச்.பி.தான். ஆகவே டேக்கோமீட்டர் வைத்துச் சுற்றையும் சரிபாருங்கள்.

வயதைக் கண்டறிவது எப்படி?

பிளேட்டில் உள்ள எண்ணும் பிளாக்கில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் பிளேட்டே சில தடயங்கள் தரும்.

• முகவரியில் 6 இலக்க பின்கோடு இருந்தால், 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது.
• ஐ.எஸ். 11170 என்ற தர எண் இருந்தால், 1985-க்கு முந்தையது அல்ல.
• சென்னைக்குப் பதில் மெட்ராஸ் என்றிருந்தால், பெரும்பாலும் 1996-க்கு முந்தையது.

தேய்மானமே உண்மையான வயது

பிஸ்டனின் தலையில் 0.25, 0.50 என்று பொறித்திருந்தால், சிலிண்டரை ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 80 மி.மீ. போர் 80.5 ஆனாலும் 7 சிசி மட்டுமே கூடும், இதனால் எச்.பி. கூடிவிடாது. லைனர் உள்ள இன்ஜினில் லைனரையே மாற்றிவிடலாம். லைனர் இல்லாததில் இன்னும் எத்தனை முறை ரீபோர் செய்ய முடியும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரிங் உரசாத மேல் விளிம்புக்கும், அதற்குக் கீழே ரிங் உரசும் இடத்துக்கும் உள்ள வித்தியாசமே தேய்மானம். இதை போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீரில் ஓடிய இன்ஜின் என்றால், தண்ணீர் சுற்றிவரும் பாதையில் துரு அரித்திருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள். வெளியே அடித்த பெயிண்ட் இதைக் காட்டாது.

போர், ஸ்ட்ரோக், சுற்று ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, உங்கள் பம்பின் பிளேட்டுடன் ஒப்பிடுங்கள். அதில் 3.7 கிலோவாட் என்றிருந்தால் 5 எச்.பி. என்று பொருள். சுற்றும் திறனும் பொருந்தினால் வாங்கலாம். ஹெட்டைத் திறக்கவே விற்பவர் மறுத்தால், வேறு இன்ஜின் பார்ப்பதே நல்லது.