இசைக்கருவி வாங்கப் போறீங்களா? கடையில் உங்களிடம் கேள்வி கேட்க ஆள் இருக்கிறாரா?

"அண்ணே, ஒரு மிருதங்கம் வேணும்."

விவரம் தெரிந்த கடைக்காரர் இதற்கு உடனே விலை சொல்லமாட்டார். அவர்தான் முதலில் கேட்பார்.

"யாருக்கு? எத்தனை வயசு? எந்தக் கட்டையில பாடுறவங்களுக்கு வாசிக்கணும்?"

இப்போது பல கடைகளில் கேட்கப்படும் ஒரே கேள்வி: "கார்டா, பேநவ்வா?"

சிங்கப்பூரில் கித்தார் என்றால் பெனின்சுலா கடைத்தொகுதி, இந்திய இசைக்கருவிகள் என்றால் சிராங்கூன் ரோடு. கடைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கருவியைப் பற்றி விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள்.

அதனால் என்ன? யூடியூப் இருக்கே என்கிறீர்களா? கொஞ்சம் பார்ப்போம்.

கடைக்காரர் ஏன் கேள்வி கேட்கவேண்டும்?

முதன்முறையாக வாங்குபவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக இசையில் சுருதியைக் 'கட்டை' என்று சொல்வார்கள். 1 கட்டை என்றால் 'சி', 5 கட்டை என்றால் 'ஜி'. பொதுவாக ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவார்கள். ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் சரிவராது. குறைந்த சுருதிக்கு நீளமான உடல் வேண்டும். கூடுதல் சுருதிக்குச் சற்றுச் சிறியது. தவறான ஒன்றை வாங்கிவிட்டு இழுத்து இழுத்துச் சுருதி சேர்த்தால் தோல் கிழியலாம்.

வயலினில் அளவு முக்கியம். கால், அரை, முக்கால், முழு எனப் பல அளவுகள் உண்டு. "வளர்ந்திடுவான், பெரிசாவே கொடுங்க" என்று பெற்றோர் கேட்பதுண்டு. சட்டை வாங்கும்போது அது சரி, வயலினுக்கு ஆகாது. அனுபவமுள்ள கடைக்காரர் பிள்ளையின் இடக்கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கைவரை அளந்து பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார்.

கித்தாரில் தந்தி. கிளாசிக்கல் கித்தாருக்கு நைலான் தந்தி. அதில் எஃகுத் தந்தியை மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும். கழுத்து வளையும், தந்தியைப் பிடித்திருக்கும் கட்டை பெயர்ந்து வரும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பாக்கெட்டில்தான் தொங்கும். "உங்க கித்தார் எது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் இந்த விபத்து நடக்காது.

நம் வானிலைக்கும் இதில் பங்கு உண்டு

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். மரக் கித்தாருக்கு ஏற்றது 45இலிருந்து 55 விழுக்காடு.

இரவு முழுக்க ஏர்கான், பகல் முழுக்க மூடிய அறை. இப்படி மாறி மாறி வந்தால் மரம் உப்பும், பிறகு சுருங்கும். மிருதங்கத் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும், ஏர்கானில் இறுகிச் சுருதி ஏறும். இடப்பக்கம் ஒட்டும் ரவை மாவை வாசித்து முடித்ததும் துடைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ஆலோசனை பெரும்பாலும் வறண்ட, குளிரான ஊர்களுக்கானது. "அறையில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள்" என்று அவர்கள் சொல்வார்கள். நமக்குப் பெரும்பாலும் குறைக்கத்தான் வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்ல உள்ளூர்க்காரர் தேவை.

அப்படியென்றால் ஏன் குறைகிறார்கள்?

ஒரு காரணம், இணையம். இது சிங்கப்பூரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1924இல் தொடங்கிய 'சாம் ஆஷ்' இசைக்கருவி நிறுவனம் 2024இல் தன் எல்லாக் கடைகளையும் மூடியது. இணைய விற்பனையின் போட்டியும் அதற்குக் காரணம்.

இரண்டாவது காரணம், நாம்தான். கடைக்குப் போய் அரைமணி நேரம் வாசித்துப் பார்ப்போம், சந்தேகமெல்லாம் கேட்போம். வெளியே வந்து கைப்பேசியில் 20 வெள்ளி குறைவாக இருக்கும் இடத்தில் ஆர்டர் போடுவோம். விளக்கிச் சொன்னவருக்கு ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது, அறிவு வளரக் காலம் பிடிக்கும். ஒரு கருவியைத் தட்டிப் பார்த்தே குறை சொல்லப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். வாடகை, சம்பளம் எல்லாம் ஏறும்போது, கடைகள் அத்தனை காலம் ஒருவரை வைத்துப் பழக்கத் தயங்குகின்றன. பகுதிநேர ஊழியர் பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் படித்துச் சொல்வார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

இதில் யாருக்கு நட்டம்?

அதிகம் இழப்பது புதிதாகக் கற்றுக்கொள்பவர்.

கித்தாரில் தந்திக்கும் விரல் வைக்கும் பலகைக்கும் இடையே உள்ள உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பார்கள். 12ஆவது கட்டத்தில் அது சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே விரல் வலிக்கும், சுரம் பிசகும். கடையில் சிறிது நேரத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

ஆனால் 12 வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. மூன்று மாதம் போராடிவிட்டு, "எனக்கு மியூசிக் வராதும்மா" என்று கித்தாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும். குறை கருவியில் இருந்தது. பழி பிள்ளைமேல் விழுந்தது.

இணையத்தில் வாங்கினால் மலிவுதானே?

முன்பு போல் இல்லை. 2023 ஜனவரி முதல், 400 வெள்ளி வரையிலான வெளிநாட்டுப் பொருள்களுக்கும் பொருள், சேவை வரி நடப்புக்கு வந்தது. இப்போது அது 9 விழுக்காடு. அதற்குமேல் கித்தாரைச் சரிசெய்யத் தனியாகக் காசு கொடுக்கவேண்டியிருந்தால் மிச்சம் என்ன?

உள்ளூர்க் கடையில் வாங்கினால் 'லெமன் லா' பாதுகாப்பும் உண்டு. 2012 செப்டம்பரில் அது நடப்புக்கு வந்தது. பொருளைப் பெற்ற 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அது இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்கவேண்டும்.

கடைக்குப் போகும்முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்

• முதலில் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்: எந்த அளவு, எந்தச் சுருதி, என்ன தந்தி?

• முடிந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

• "இதைச் சரிசெய்து தருவீர்களா? அந்த வேலையை இங்கேயே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள்.

• "நம் ஊர் ஈரத்தில் இதை எப்படிப் பாதுகாப்பது?" என்று கேளுங்கள். வரும் பதிலை வைத்தே கடைக்காரருக்கு எவ்வளவு தெரியும் என்று புரிந்துவிடும்.

• நல்ல ஆலோசனை கிடைத்தால், தந்தியோ சுருதிப் பெட்டியோ அங்கேயே வாங்குங்கள்.

உங்களிடம் நாலு கேள்வி கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் எரிச்சல்படாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அடுத்தமுறையும் அதே கடைக்குப் போங்கள்.