29 வினாடியில் பறிபோன முதல் இடம்! தவழ்ந்தே எல்லைக்கோட்டைத் தொட்ட கல்லூரி மாணவி

எதிரே எல்லைக்கோடு தெரிகிறது. விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று கத்துகிறார்கள். ஆனால் முதலாவதாக வந்துகொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கோ காலில் உயிர் இல்லை. விழுகிறார். கையை ஊன்றி எழுகிறார். நாலு அடி தள்ளாடிவிட்டு மறுபடியும் விழுகிறார்.

அந்த நேரம் பார்த்து பின்னால் வந்த இன்னொரு பெண் விறுவிறு என்று ஓடி, அவரைத் தாண்டிப் போய்விட்டார்!

காலையில் இருந்து 11 மணி நேரம் பாடுபட்டது, 29 வினாடியில் கைநழுவிப் போனது.

1982-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, அமெரிக்காவின் ஹவாய் தீவில் நடந்த சம்பவம் இது. அந்தப் பெண்ணின் பெயர் ஜூலி மாஸ். வயது 23. கல்லூரி மாணவி. அவர் கலந்துகொண்டது "அயர்ன்மேன்" என்ற "இரும்பு மனிதர்" போட்டி. அதன் விவரம் வருமாறு:-

எதுக்கு சாமி இந்த வேலை?

முதலில் கடலில் 3.8 கிலோ மீட்டர் நீச்சல். கரை ஏறியதும் ஈரத்தோடு சைக்கிளைப் பிடித்து 180 கிலோ மீட்டர். சைக்கிளை விட்டு இறங்கினால் 42 கிலோ மீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாக! இடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம்; யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கடிகாரம் நிற்காது.

"இதுல ஒண்ணைச் செஞ்சாலே மனுஷன் மூணு நாள் படுத்துக் கிடப்பான். எதுக்கு சாமி இந்த வேண்டாத வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

வேலையை ஆரம்பித்து வைத்தவர் ஜான் காலின்ஸ். அமெரிக்க கடற்படை அதிகாரி. மனைவி ஜூடியுடன் ஹவாயில் ஓவாஹு தீவில் வசித்து வந்தார். "உடல் வலுவில் யார் பெரியவன்? நீச்சல்காரனா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா?" என்று அங்கே விளையாட்டுப் பிரியர்களுக்குள் வாய்ச்சண்டை. காலின்ஸ் ஒரு வழி சொன்னார். அந்தத் தீவில் தனித்தனியாக நடந்து வந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் கோர்த்துவிட்டால் யார் பெரியவன் என்பது தெரிந்துவிடும் அல்லவா? முதலில் வருபவருக்கு "இரும்பு மனிதர்" பட்டம்!

போட்டி விதிகளை சில தாள்களில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இதை முடித்தவன் ஆயுசு பூராவும் பீத்திக்கொள்ளலாம் என்றும் அதில் கையால் எழுதி வைத்திருந்தார்கள்.

1978-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி முதல் போட்டி நடந்தது. புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பார் என்பவருக்கு ஓட்டத்தின்போது கூட வந்தவர்கள் கையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது பீர்! அதைக் கொடுத்தார்கள். அவரும் குடித்துவிட்டு ஓடினார். இரண்டாவது இடம்தான் கிடைத்தது. 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தவர் கார்டன் ஹாலர்.

பெயர் "இரும்பு மனிதர்" என்றாலும் பெண்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த ஆண்டே லின் லமேர் என்ற பெண் களத்தில் இறங்கினார். ஆண்களோடு ஆணாகப் போட்டியிட்டு ஐந்தாவதாக வந்தார். 1980-ல் டெலிவிஷன்காரர்கள் கேமராவோடு வந்து சேர்ந்தார்கள். 1981-ல் போட்டி ஓவாஹுவை விட்டு, ஹவாயின் பெரிய தீவில் உள்ள கோனா என்ற ஊருக்கு இடம் மாறியது.

படிப்புக்காக வந்தவர்

ஜூலி மாஸ் கலிபோர்னியா மாநிலத்துப் பெண். கடற்கரை ஊரில் வளர்ந்தவர். அலையில் பலகை வைத்துச் சறுக்குவதும், கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றும் வேலையும் அவருக்குப் பழக்கம். பெரிய பந்தய வீராங்கனை என்று பெயர் எடுத்தவர் இல்லை.

கல்லூரியில் அவர் படித்தது உடற்பயிற்சியின்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்ற படிப்பு. பட்டம் வாங்க ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். டெலிவிஷனில் இந்தப் போட்டியைப் பார்த்திருந்தார். இதற்குத் தயாராவதையே ஆய்வாக வைத்துக்கொண்டால் என்ன என்று கிளம்பிவிட்டார். பரீட்சை எலியும் அவரே, பரிசோதனை செய்பவரும் அவரே!

பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு வந்தார் என்று சொல்லவும் வழி இல்லை. அப்போது அங்கே ஒரு பைசா கிடையாது. 1986-ல்தான் இந்தப் போட்டியில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

கருகிய பூமி

அன்றைக்குக் களத்தில் ஐநூறுக்கும் மேற்பட்டவர்கள். விடிந்ததும் கடலில் குதித்தார்கள். நீச்சலை முடித்து சைக்கிளில் ஏறினார் ஜூலி.

கோனாவை விட்டு வெளியே போகும் நெடுஞ்சாலை எப்படிப்பட்டது தெரியுமா? எரிமலை கக்கிய குழம்பு உறைந்து, கருங்கல்லாகிக் கிடக்கும் பூமி அது. கண்ணுக்கு எட்டிய தூரம் கருப்பு. நின்று இளைப்பாற ஒரு மரத்து நிழல் கிடையாது. மேலே வெயில். கீழே கல்லில் இருந்து எழும்பும் அனல். ஹாவி என்ற ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பக்கம் காற்று பக்கவாட்டில் அடித்து சைக்கிளைத் தள்ளிவிடும்.

அதை எல்லாம் கடந்து ஓட்டத்துக்கு வந்தபோதுதான் வேடிக்கை. பெண்களில் முன்னணியில் போய்க்கொண்டிருப்பது யார் என்று பார்த்தால், யாரும் எதிர்பார்க்காத இந்தக் கல்லூரி மாணவி! டெலிவிஷன் கேமரா அவர் பக்கம் திரும்பியது.

ஆய்வுக்காக வந்தவருக்கு, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அந்த ரோட்டில்தான் பிறந்தது. ஓடத் தொடங்கும்போது இல்லாத ஆசை, முதலாவதாக ஓடும்போது வந்துவிட்டது. வராமல் இருக்குமா? நமக்கும் வரும்.

சர்க்கரை தீர்ந்தால் சட்டை காலி

இந்த இடத்தில் உடம்பின் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி எல்லாம் சர்க்கரையாக மாறி, தசையிலும் ஈரலிலும் "கிளைகோஜன்" என்ற பெயரில் சேமித்து வைக்கப்படுகிறது. இந்தச் சேமிப்பு சுமார் 2 ஆயிரம் கலோரிதான். ஒரு மாரத்தான் ஓடவே அது பற்றாது. அப்படி இருக்க, காலையில் இருந்து நீந்தி, சைக்கிள் மிதித்துவிட்டு வந்தவருக்கு எங்கே பற்றும்? வழியில் தின்றும் குடித்தும் ஈடுகட்ட வேண்டும். உடம்பில் கொழுப்பு நிறைய இருக்கிறதே என்றால், அது மெதுவாகத்தான் எரியும். அவசரத்துக்கு உதவாது.

சர்க்கரை தீர்ந்துவிட்டால் தசை ஓடாது. மூளைக்கும் சர்க்கரைதான் சாப்பாடு. ஆகவே தலை சுற்றும், யோசனை மங்கும். வியர்வையில் உப்பும் தண்ணீரும் வேறு போயிருக்கும். "ஓடு" என்று மனசு கட்டளை போடும். கால் கேட்காது.

இப்போது பந்தயக்காரர்கள் மணிக்கு இத்தனை கிராம் சர்க்கரை என்று கணக்குப் போட்டு, பசை மாதிரி இருக்கும் உணவைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். 1982-ல் இந்த வசதி எல்லாம் ஏது? வழியில் கிடைத்ததைத் தின்று ஓடியவர்கள்தான் அதிகம். உடம்பைப் பற்றிப் படித்த ஜூலியே, உடம்புக்குத் தீனி போடுவதில் கோட்டை விட்டார்.

விழுந்தார், எழுந்தார்

முன்னணியில் இருந்தவரின் ஓட்டம் நடையாகியது. பின்னால் கேத்லீன் மெக்கார்ட்னி என்ற பெண் ஒவ்வொரு மைலுக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

இருட்டத் தொடங்கிவிட்டது. ஊருக்குள் வந்தாகிவிட்டது. இனி கொஞ்ச தூரம்தான். அங்கேதான் ஜூலியின் முழங்கால் மடங்கியது. பொத்தென்று விழுந்தார்.

கூட்டம் பதறிப்போயிற்று. தூக்கிவிடக் கைகள் நீண்டன. அந்தக் கைகளை அவர் விலக்கினார். பிறர் உதவியால் எழுந்து போனால் போட்டியில் இருந்து நீக்கிவிடுவார்கள் என்ற பயம்.

எழுந்தார். கால் இரண்டும் பிறந்த கன்றுக்குட்டிக் கால் மாதிரி பின்னிக்கொண்டது. மறுபடி விழுந்தார். வயிறும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை. அத்தனை ஜனங்களுக்கு முன்னால், கேமரா வெளிச்சத்தில், ஓர் இளம்பெண்ணுக்கு அது எப்படிப்பட்ட சங்கடம்! பின்னாளில் இதையும் அவர் ஒளிக்காமல் சொல்லி இருக்கிறார்.

கோடு கண்ணுக்கு எதிரே இருக்கிறது. கடைசி முறை விழுந்து கிடந்தபோதுதான் மெக்கார்ட்னி தாண்டிப் போனார்.

"போனது போச்சு, படுத்துக்குவோம்" என்று கிடந்திருந்தால் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். ஜூலி படுக்கவில்லை. எழுந்து நிற்க முயன்றதுதான் தப்பு என்று தெரிந்துகொண்டார் போலும். கையையும் முழங்காலையும் ஊன்றி, குழந்தை மாதிரி தவழ ஆரம்பித்தார். தவழ்ந்து தவழ்ந்து வந்து, கையை நீட்டிக் கோட்டைத் தொட்டார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

மெக்கார்ட்னியின் நேரம் 11 மணி 9 நிமிடம் 40 வினாடி. ஜூலியின் நேரம் 11 மணி 10 நிமிடம் 9 வினாடி.

ஜெயித்தவருக்கே தெரியாது

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். ஜெயித்த மெக்கார்ட்னிக்குத் தான் ஜெயித்த விஷயமே தெரியாது! கூட்டத்திலும் வெளிச்சத்திலும், தரையில் கிடந்த ஜூலியை அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது இடம் என்று நினைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். "நீங்கதான் முதல்" என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அவரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஒரு தப்பும் செய்யாமல், தன் வேகத்தை அறிந்து ஓடி, நியாயமாக ஜெயித்த பெண். ஆனால் சில நாள் கழித்து டெலிவிஷனில் அந்தக் காட்சி வந்தபோது, அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் கண்ணீர் விட்டது தோற்றவரைப் பார்த்து! அன்றைக்கு ஆண்களில் 9 மணி 19 நிமிடத்தில் முதலாவதாக வந்த ஸ்காட் டின்லியைக் கூட அந்தப் படம் மறைத்துவிட்டது. ஜெயித்தவர்கள் பெயரைப் புத்தகத்தில் தேட வேண்டி இருக்கிறது. தவழ்ந்தவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. இது நியாயமா என்றால், நியாயம் இல்லைதான். என்ன செய்வது, பார்த்தவர்கள் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

டெலிவிஷனில் பார்த்தவர், மாலையிட்டார்

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் மார்க் ஆலன் என்ற இளைஞரும் ஒருவர். அவரும் கலிபோர்னியா கடற்கரையில் உயிர் காக்கும் வேலை பார்த்தவர்தான். பார்த்த சூட்டோடு அதே ஆண்டு அக்டோபரில் நடந்த போட்டிக்கு அவரே போய்விட்டார். சைக்கிள் பழுதாகி பாதியில் நிற்க நேர்ந்தது. ஆனால் விடவில்லை. 1989-ல் முதல் முறையாக ஜெயித்தார். மொத்தம் 6 முறை ஜெயித்து, இந்தப் போட்டியின் மன்னன் என்று பெயர் எடுத்தார்.

அதே 1989-ல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. மார்க் ஆலனும் ஜூலி மாஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள்! ஒரு மகன் பிறந்தான். (பின்னாளில் இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.)

ஜூலியும் மெக்கார்ட்னியும் விரோதிகளாகிவிடவில்லை. 30 ஆண்டு கழித்து, 2012-ல், இருவரும் ஒன்றாகவே கோனாவுக்கு வந்து அதே போட்டியில் இறங்கினார்கள். 2018-ல் ஜூலி தன் கதையைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். தவழ்ந்ததைத்தான் தலைப்பிலும் வைத்திருக்கிறார்: "கிரால் ஆஃப் ஃபேம்".

1997-ல் இதே கோனாவில் இன்னொரு வேடிக்கை. சியான் வெல்ச், வெண்டி இங்க்ராம் என்ற இரண்டு வீராங்கனைகள் எல்லைக்கோட்டுக்கு அருகே ஒருவர் பின் ஒருவராக நிலைகுலைந்து விழுந்தார்கள். இரண்டு பேரும் தவழ்ந்தார்கள். தவழும் பந்தயத்தில் இங்க்ராம் முந்தி நாலாவது இடத்தைப் பிடித்தார். வெல்ச்சுக்கு ஐந்தாவது இடம்.

அயர்ன்மேன் போட்டியின் விதிப் புத்தகத்தில், ஓட்டப் பகுதியை எப்படிக் கடக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஓடலாம், நடக்கலாம், தவழலாம். வேறு எந்த வழியிலும் போகக் கூடாது.