கார் மக்கர் பண்ணுதா? பிளக்கின் நிறத்தைப் பாருங்க!

திருமழிசை,

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் திருமழிசை பக்கம் காலை நேரத்தில் கார் நின்றுவிட்டால், வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அன்றைய பிழைப்பே போச்சு. சாவியை திருகினால் ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் குலுங்கும். இழுவை இருக்காது. பெட்ரோலை குடிக்கும். பல நேரங்களில் இதற்கு காரணம் விரல் நீளமுள்ள ஸ்பார்க் பிளக்தான்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். காயில் அதை 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புகிறது. முனையில் உள்ள சிறு இடைவெளியில் பொறி பறந்து பெட்ரோல் எரிகிறது. சி.என்.ஜி. வண்டிக்கும் இது உண்டு. டீசல் வண்டிக்கு கிடையாது.

நிறம் சொல்லும் நோய்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கை கழற்ற வேண்டும். குழியில் உள்ள மண்ணை முதலில் ஊதி விடுங்க. மழையில் நனைந்த வண்டி என்றால் அங்கே தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்க.

* இளம் பழுப்பு, சாம்பல் நிறம்: எஞ்சின் நலம்.

* காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் பில்டரை பாருங்க.

* எண்ணெய் பிசுக்கு: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பிளக்கை மட்டும் மாற்றினால் சில நாளில் பழைய கதைதான்.

* வெள்ளை வெளேர், கொப்புளம்: எஞ்சின் அளவுக்கு மீறி சூடாகிறது. கூலன்ட் அளவையும் பிளக் நம்பரையும் சரிபாருங்க.

கழற்றியதை வரிசை மாறாமல் வையுங்க. மாருதி 800, ஆம்னியில் 3 பிளக். அதில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்தான்.

எப்போது மாற்றுவது?

சாதாரண பிளக் சுமார் 20 முதல் 30 ஆயிரம் கி.மீ. வரை உழைக்கும். இரிடியம் பிளக் 1 லட்சம் கி.மீ. வரை கூட ஓடும். இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். இரிடியம் முனையை பிரஷ் போட்டு தேய்க்கக் கூடாது.

பெங்களூருவில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. எந்த கம்பெனி பிளக் வாங்கினாலும், வண்டிக்கு உரிய நம்பர்தான் முக்கியம்.

புது பிளக்கை முதலில் கையாலேயே மரை ஏற்றுங்க. வாஷர் உள்ள பிளக் என்றால், கையால் இறுகிய பின் ஸ்பேனரில் அரை சுற்றுக்கு சற்று மேல் போதும். பலத்தை காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

ஓடும் எஞ்சினில் ஒயரை பிடுங்கி பார்ப்பது பழைய வழக்கம். இன்றைய வண்டிகளில் அது வேண்டவே வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் போகும்.

மிஸ் அடிக்கும் வண்டியை அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகை குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை கெடுத்துவிடும். பிளக் செலவு நூறுகளில் முடியும். கன்வெர்ட்டர் போனால் பல ஆயிரம். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டுவதே நல்லது.