தைராய்டும் அறுவைக் கத்தியும்

இமய அடிவாரத்தில் கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. 1956இல் காங்க்ராப் பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், டாக்டர் இராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பால் அதைக் குறைக்கலாம் என்று காட்டினர். பின்னாளில் அவர் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். ஆயினும் கத்தி தேவைப்படும் கழலைகள் இன்றும் உண்டு.

தைராய்டு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கும் என்றே டில்லியில் மருத்துவம் பயிலும் நானும் எண்ணியிருந்தேன். புத்தகப் படத்தில் இரு மடல்கள், நடுவே ஓர் இணைப்பு. உடற்கூறு அறையில் நான் கண்ட உடலிலோ, நடுவிலிருந்து மூன்றாவது மடலொன்று மேல்நோக்கி நீண்டிருந்தது!

கருவில் இச்சுரப்பி நாவின் அடியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. அவ்வழியின் எச்சமே அம்மடல். புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதும் அகற்றுகையில் அதை விட்டுவிட்டால் நோய் எஞ்சலாம். சிலருக்குச் சுரப்பி இறங்காமல் நாவின் அடியிலேயே தங்கிவிடும். கட்டியென்று அதை வெட்டினால், உள்ள ஒரே சுரப்பியும் போய்விடக்கூடும்.

குரல் நரம்பு கீழிறங்கி, வளைந்து, மேலேறுவதே வழக்கம். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வலப்புறத்தில் அது வளையாமல் குறுக்கே வரும். அறியாது அறுத்தால் குரல் கம்மிவிடும்.

ஆகவே, நரம்பைக் கண்ணால் கண்ட பின்பே கத்தியை நகர்த்த வேண்டும் என்கிறார்கள் எங்கள் ஆசிரியர்கள். படத்தை மட்டும் நம்பியிருந்த எனக்கு அதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது.