ஒரு ஸ்பூன் காபிச் சூடு ஓர் உயிரைப் பறிக்குமா? எக்ஸ்-கதிர் அணுவுக்குள் செய்வது தெரியுமா?

குடிக்கிற சூட்டில் ஒரு டம்ளர் காபி. அதில் ஒரு சின்ன ஸ்பூன் எடுத்து வாயில் விடுகிறீர்கள். அந்தச் சூட்டால் உடம்புக்குச் சேரும் ஆற்றல் சுமார் 280 ஜூல். அதே 280 ஜூல் எக்ஸ்-கதிராக மாறி, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுக்க ஒரேயடியாகப் பாய்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? சிகிச்சை கிடைக்காவிட்டால் அவர் பிழைப்பதற்கும் இறப்பதற்கும் ஏறத்தாழ சரிபாதி வாய்ப்பு! கிலோவுக்கு 4 ஜூல். கதிர்வீச்சுக் கணக்கில் 4 கிரே. இத்தனைக்கும் உடல் வெப்பம் ஏறுவது ஆயிரத்தில் ஒரு டிகிரி. வீட்டுத் தெர்மாமீட்டர் அதைக் காட்டாது.

அப்படியானால் ஆளைக் கொல்வது சூடு இல்லை. பிறகு எது?

ஓட்டு வீட்டின் மேல் கோடிக்கணக்கான மழைத்துளிகள் விழுகின்றன, ஓடு உடைவதில்லை. ஒரே ஒரு கருங்கல் விழட்டும், ஓடு தூள்! ஒளியும் அப்படித்தான், துளித் துளியாக வருகிறது. 1905-ல் ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு துளிக்கு, அதாவது ஒரு ஃபோட்டானுக்கு, இரண்டு அல்லது மூன்று எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஹைட்ரஜன் அணுவிலிருந்து அதன் ஒரே எலெக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே நாள் முழுக்க விளக்கொளியில் நின்றாலும் அந்த ஒளியால் உங்கள் உடம்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக்கூடப் பறிக்க முடியாது. மார்புப் படம் எடுக்கும் எக்ஸ்-கதிரின் ஃபோட்டானிலோ 60,000 எலெக்ட்ரான் வோல்ட்கூட இருக்கும்! இது மழைத்துளி இல்லை, கருங்கல்.

கருங்கல் எங்கே விழுகிறது என்பதுதான் இன்னும் பெரிய அதிசயம். அணுவில் எலெக்ட்ரான்கள் வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளி அடுக்கில் இருப்பவை லேசாக ஒட்டிக்கொண்டிருப்பவை, எளிதில் கழன்றுவிடும். எனவே எக்ஸ்-கதிர் அவற்றைத்தானே முதலில் தட்டும் என்று நினைப்போம். இல்லவே இல்லை! திண்ணையில் கிடக்கும் செம்பை விட்டுவிட்டு நேரே பூஜை அறையின் இரும்புப் பெட்டிக்குப் போகும் திருடனைப் போல, அணுக்கருவை ஒட்டி, மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கும் உள் அடுக்கு எலெக்ட்ரானையே அது பெரும்பாலும் தூக்குகிறது. அதற்கான ஆற்றல் மட்டும் போதுமான அளவு இருக்க வேண்டும். ஆக்சிஜனில் அந்தப் பெட்டியின் பூட்டை உடைக்க 543 எலெக்ட்ரான் வோல்ட், கால்சியத்தில் 4,038, ஈயத்தில் 88,000.

உள் அடுக்கில் ஓர் இடம் காலியானதும் அணு பதறிப்போகிறது. மேல் அடுக்கிலிருந்து ஓர் எலெக்ட்ரான் அந்தக் குழிக்குள் விழுகிறது. விழும்போது மிஞ்சும் ஆற்றல் ஒன்று புதிய எக்ஸ்-கதிராக வெளியே வரும். அல்லது பக்கத்தில் இருக்கும் இன்னோர் எலெக்ட்ரானை எட்டி உதைத்து வெளியே தள்ளிவிடும். நம் உடம்பில் நிறைந்திருக்கும் கார்பன், ஆக்சிஜன் போன்ற எடை குறைந்த அணுக்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு கல்லடிக்கு இரண்டு எலெக்ட்ரான் காலி! இவ்வளவும் நடந்து முடிய 10 ஃபெம்டோ வினாடிகூட ஆவதில்லை. ஒரு வினாடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்குதான் ஃபெம்டோ வினாடி.

இப்படி உதைபட்டு வெளியேறுவதற்கு 'ஓஜே எலெக்ட்ரான்' என்று பெயர். 1923-ல் பிரான்சின் பியேர் ஓஜே இதைக் கண்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே இயற்பியலாளர் லீஸ மைட்னர் இதை எழுதிவிட்டார் தெரியுமா? பெயர் மட்டும் ஓஜேவுக்குப் போனது. அணுப்பிளவுக்கான நோபல் பரிசும் பிறகு ஓட்டோ ஹானுக்கு மட்டுமே போய், மைட்னர் வெறுங்கையோடு நின்றார். இந்த எலெக்ட்ரானையாவது 'மைட்னர்-ஓஜே' என்று நம் பாடப்புத்தகங்கள் அழைக்கலாம்.

எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், எக்ஸ்-கதிர் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து அதை அயனியாக்குவதை மனிதர்கள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சனும் நியூசிலாந்திலிருந்து வந்த இளைஞர் ரூதர்ஃபோர்டும் சேர்ந்து சோதித்தார்கள். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் எக்ஸ்-கதிர் பாய்ந்த காற்று கடத்தியது! கதிரை நிறுத்தினால் சற்று நேரத்தில் பழையபடி கடத்தாமல் போனது. கதிர் காற்றுக்குள் எதையோ உடைத்து, நேர்மின் துண்டும் எதிர்மின் துண்டுமாக ஆக்குகிறது என்று புரிந்துகொண்டார்கள். 1897-ல்தான் தாம்சன் எலெக்ட்ரானையே கண்டுபிடித்தார்.

அந்தத் துண்டுகளை எண்ணுவதே பிறகு கதிரை அளக்கும் வழியாயிற்று. காற்றில் ஒரு ஜோடி அயனியை உண்டாக்கச் சராசரியாக 34 எலெக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. 34,000 எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட ஒரே ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் காற்றிலேயே விட்டால் ஆயிரம் ஜோடி! 'ஒரு ரான்ட்ஜன்' என்ற பழைய அளவு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் 200 கோடி ஜோடியைக் குறித்தது.

எலும்பு ஏன் படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது? கெட்டியாக இருப்பதாலா? அது மட்டும் காரணம் இல்லை. எலும்பில் கால்சியம் இருக்கிறது. மருத்துவப் படத்துக்குப் பயன்படும் ஆற்றலில், இந்த எலெக்ட்ரான் பறிப்பில் ஒரு கால்சியம் அணு, ஒரு ஆக்சிஜன் அணுவைப்போல ஏறத்தாழ 40 மடங்கு கதிரை விழுங்குகிறது. எலும்பு அத்தனை கதிரை விழுங்கிவிட்டதால், அதன் பின்னால் படலத்தில் கதிர் படாத இடம்தான் அந்த வெள்ளை. குடலைப் பார்க்கப் பேரியம் குடிக்கச் சொல்வதும், ரத்தக்குழாயைப் பார்க்க அயோடின் மருந்து ஏற்றுவதும் இதே தந்திரம்.

இனி நகைக்கடைக்குப் போவோம். என் தங்கையின் பழைய வளையலை மாற்றப் போயிருந்தோம். கடைக்காரர் உரைகல்லை எடுக்கவில்லை. காரட் பார்க்கும் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே தட்டில் இருந்த சிறு துளையின் மேல் வளையல் படும்படி வைத்து, மூடினார். அரை நிமிடம். திரையில் தங்கம், செம்பு, வெள்ளி என்று ஒவ்வொன்றாகச் சதவீதம் விழுந்தது. அந்த அரை நிமிடத்தில் உள்ளே நடந்தது என்ன தெரியுமா? எக்ஸ்-கதிர் வளையலின் அணுக்களில் உள் அடுக்கு எலெக்ட்ரான்களைத் தட்டி வீழ்த்தியது. காலி இடங்களுக்குள் மேல் எலெக்ட்ரான்கள் விழ விழ, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-கதிரை உமிழ்ந்தது. தங்கம் 9.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில், செம்பு 8-ல், வெள்ளி 22-ல். கைரேகையாவது அழியும், இது மாறவே மாறாது! ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: தங்கத்துக்குள்ளிருந்து அந்தக் கதிர் வெளியே வரக்கூடிய ஆழம் சில மைக்ரான்தான். மேலே தடிமனாகத் தங்கப் பூச்சு இருந்தால் அடியில் இருப்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கைரேகையை வரிசைப்படுத்தியவர் ஹென்றி மோஸ்லி. 1913, 1914 ஆண்டுகளில் தனிமம் தனிமமாக அளந்து, அணு எண்ணுக்கு உண்மையான பொருள் என்ன என்று காட்டினார். 43, 61, 72, 75 என்ற இடங்களில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்கள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான்கும் பின்னால் கிடைத்தன! அவர் மட்டும் இல்லை. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்ட் 10-ல், கலிபோலியில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஆர்க்கிமிடீஸின் எழுத்தையே எக்ஸ்-கதிர் மீட்டெடுத்தது தெரியுமா? அவருடைய நூல்களை 10-ம் நூற்றாண்டில் ஒருவர் தோலில் படியெடுத்திருந்தார். 13-ம் நூற்றாண்டில் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே பிரார்த்தனை நூல் எழுதிவிட்டார்கள். 20-ம் நூற்றாண்டில் சில பக்கங்களின் மேல் ஓவியம் வேறு தீட்டப்பட்டது. கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் அந்தத் தோலின் மேல் எக்ஸ்-கதிரை ஓட்டினார்கள். பழைய மையில் இருந்த இரும்பணுக்கள் பதில் கதிரை உமிழ, ஓவியத்துக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன! வான் கோவின் 'புல்வெளி' ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் முகமும் 2008-ல் இப்படித்தான் வெளிப்பட்டது. பாதரசமும் ஆன்டிமனியும் அவளைக் காட்டிக்கொடுத்தன.

இதுவரை சொன்னது ஒரு கல், ஓர் ஓடு. கல்மாரி பொழிந்தால்?

ஸ்லாக் ஆய்வகத்திலேயே 2009-ல் ஓர் எக்ஸ்-கதிர் லேசர் ஒளிர்ந்தது. அதன் முன்னால் முதலில் நின்றது நியான். அதில் மொத்தம் பத்தே எலெக்ட்ரான். ஒரே துடிப்பில் பத்தும் போயின! ஃபோட்டானின் ஆற்றல் 870 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியபோது அணு உள்ளிருந்து வெளிப்புறமாகக் காலியாயிற்று. உள் அடுக்கில் இரண்டு எலெக்ட்ரானும் போய், சுற்றிலும் மட்டும் எலெக்ட்ரான் இருக்கும் 'பொள்ளல் அணு' கணநேரம் உண்டானது. பறிக்க உள்ளே ஆள் இல்லாததால் அடுத்து வந்த எக்ஸ்-கதிர் அதைப் பெரும்பாலும் தொடாமலே போனது. செனான் இன்னும் வியப்பூட்டியது. அந்த ஆற்றலுக்கு 26 எலெக்ட்ரான்தான் போகும் என்று கணக்குச் சொன்னது, 36 போயிற்று. 2012-ல் அந்த முடிவு வெளிவந்தது.

2017-ல் வந்த முடிவைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூமியின் மேல் விழும் மொத்த வெயிலையும் ஒரு கட்டைவிரல் நகத்தில் குவியுங்கள். அதையும் நூறு மடங்காக்குங்கள். அந்தச் செறிவில் ஓர் எக்ஸ்-கதிர்த் துடிப்பை அயோடோமீத்தேன் என்ற சிறிய மூலக்கூறின் மேல் விட்டார்கள். ஓர் அயோடின், ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். எல்லாம் சேர்த்து 62 எலெக்ட்ரான். கதிரை விழுங்குவது கிட்டத்தட்ட முழுக்க அயோடின்தான். அதன் உள் எலெக்ட்ரான்கள் போக, மேலிருந்தவை விழ, விழும்போது மற்றவற்றை உதைக்க, அயோடின் காலியாகிப் பசியோடு நின்றது. பிறகு நடந்ததைப் பாருங்கள்: பக்கத்து வீட்டுக் கார்பன், ஹைட்ரஜன்களின் எலெக்ட்ரான்களை அது தன் பக்கம் உறிஞ்சத் தொடங்கியது! உறிஞ்சியதையும் கதிர் மறுபடி உதைத்து வெளியேற்றியது. 62-ல் 54 போனது. ஆய்வாளர்கள் இதைக் கருந்துளையோடு ஒப்பிட்டார்கள். ஆனால் கருந்துளை விழுங்கியதைத் தருவதில்லை. இங்கே அத்தனையும் வெளியே தெறித்தன. எஞ்சியவை எல்லாம் நேர்மின் துண்டுகள், ஒன்றையொன்று தள்ளி மூலக்கூறே சிதறியது. இதற்கு ஆன நேரம் 30 ஃபெம்டோ வினாடிக்கும் குறைவு. அதற்குள் ஒளியால்கூட ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் கடக்க முடியும்!

இப்படிச் சிதறடிக்கும் கதிரை வைத்தே புரதங்களைப் படம் பிடிக்கிறார்கள் என்பது இன்னொரு விந்தை. மூலக்கூறு சிதறுவதற்குள் படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

தலைக்கு மேலே நடப்பதையும் பாருங்கள். சூரியனில் பெரிய வெடிப்பு என்றால், எட்டு நிமிடம் சொச்சத்தில் அதன் எக்ஸ்-கதிர் வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றை அயனியாக்கிவிடும். பகலாக இருக்கும் பாதி பூமியில் சிற்றலை வானொலி அப்படியே அடங்கிப்போகும். 2003 நவம்பர் 4-ல் வந்த வெடிப்பில் செயற்கைக்கோள் அளவுகருவிகளே அளக்க முடியாமல் திணறின. நம் காற்று இப்படித் தானே அயனியாகி அந்தக் கதிரைத் தடுப்பதால்தான் நாம் உயிரோடிருக்கிறோம். அதனால்தான் விண்மீன்களின் எக்ஸ்-கதிரைத் தரையிலிருந்து பார்க்கவும் முடியாது. காற்றுக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1999-ல் அப்படிப் போன பெரிய தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்!

மீண்டும் நம் உடம்புக்கு வருவோம். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். எக்ஸ்-கதிர் தெறிக்கவிடும் எலெக்ட்ரான்கள் அந்தத் தண்ணீரை உடைக்கும்போது ஹைட்ராக்சில் என்ற வெறிபிடித்த துண்டு பிறக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் டி.என்.ஏ.வைக் கடிக்கிறது. எக்ஸ்-கதிர் செய்யும் சேதத்தில் பெரும்பங்கு இதுதான். காபி ஸ்பூன் கணக்கின் விடை இங்கே இருக்கிறது: சூடு உடம்பெல்லாம் பரவி ஆறிவிடுகிறது; இது உயிரணுவின் மூலப்பிரதியிலேயே எழுத்தை அடிக்கிறது. நல்லவேளை, உயிரணு பெரும்பாலான அடித்தலைத் தானே திருத்திக்கொள்கிறது.

ஆகவே பயம் வேண்டாம். ஒரு மார்புப் படத்தில் சேரும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நமக்கு ஏறத்தாழ பத்துப் பதினைந்து நாளில் சேர்வதுதான். மருத்துவர் தேவை என்றால் தயங்காமல் எடுங்கள். சி.டி. ஸ்கேன் மட்டும் அதைவிடப் பல மடங்கு. அதனால் போன மாதம் எடுத்ததை மறக்காமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், இன்னொன்று தேவைப்படாமலே போகலாம். கருவுற்றிருந்தாலோ, ஒருவேளை இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று படம் எடுப்பவர் சொல்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.